மரத்துக்கு உண்டு வம்சாவளி

நினைவிழந்த பதின்வயதுப் பிள்ளையை நாயகனாக வைத்து எழுதப்படும் மர்ம நாவல்களுக்கு ஒரு விதி உண்டு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழிக்கும் அந்தப் பிள்ளைக்கு எல்லாமே மறந்திருக்காது. பேச வரும், எண்ணத் தெரியும், ஏதோ ஒரு பாட்டின் மெட்டு கூட நினைவிருக்கும். தன் பெயரும் ஊரும் பெற்றோர் முகமும் மட்டும் இராது. நல்ல நாவலாசிரியர் இந்த வெற்றிடத்தைத் தற்செயலாக விடமாட்டார். எது மறந்தது, எது மறக்கவில்லை என்று வரிசைப்படுத்தினால், நடந்தது என்ன என்பதற்கான முதல் தடயம் அந்த வரிசையிலேயே கிடைத்துவிடும். பேராக் மாநிலத்தின் பழைய ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்து இன்று ஈப்போவின் புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டின் அடுக்குமாடிகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களின் வரலாற்றை இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும் என்பது என் கருத்து. தாத்தா எந்தத் தோட்டத்தில் பால் வெட்டினார் என்று கேட்டால் பதில் வருகிறது. துரையின் பெயர், தோட்ட எழுத்தரான கிராணியின் கெடுபிடி, பெரட்டு என்ற காலை ஆள்கணக்கெடுப்புக்கு மணி அடித்த நேரம் எல்லாம் வருகின்றன. தாத்தாவின் அப்பா எந்த ஊர், எந்த ஆண்டு கப்பலேறினார், எங்கே புதைக்கப்பட்டார் என்ற கேள்விகளில் பேச்சு நின்றுபோகிறது. குடும்பம் மாறினாலும் பேச்சு நிற்கும் இடம் பெரும்பாலும் மாறுவதில்லை. காலம் அரித்த மறதி என்றால் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வோரிடத்தில் ஓட்டை விழுந்திருக்கும். எல்லா வீட்டிலும் ஒரே இடத்தில் விழுந்திருப்பதால், இந்த மறதி உண்டாக்கப்பட்டது என்கிறேன். யாரோ சதி செய்தார்கள் என்பது இதன் பொருளல்ல. யார் யாரை எதற்காகப் பதிவு செய்தார்கள் என்ற கணக்கிலிருந்து விளைந்த மறதி இது.

கோலகங்சாரில் ஒரு ரப்பர் மரம் இருக்கிறது. நாட்டிலேயே மிகப் பழைய ரப்பர் மரங்களில் ஒன்று என்று வேலி கட்டிக் காக்கப்படுகிறது. அதன் பூர்வீகம் முழுவதும் எழுத்தில் உள்ளது. 1876-இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலில் திரட்டிய சுமார் 70,000 விதைகள் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போயின. அங்கே முளைத்தவற்றில் 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் 9 கன்றுகள், பேராக்கின் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோவின் கோலகங்சார் இல்லத்துத் தோட்டத்தில் நடப்பட்டன. பின்னாளில் 1925-இல் தொடங்கிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் மரங்களின் பிறப்பை இன்னும் நுணுக்கமாக எழுதி வைத்தது. தோட்டங்கள் எங்கும் பரவிய ஆர்ஆர்ஐஎம் 600 என்ற ரகத்தின் தாய் ஜிர் 1, தந்தை பிபி 86 என்று எந்தக் கையேட்டிலும் பார்க்கலாம். ஒரு மரம் எத்தனை கிலோ பால் தரும் என்பது அதன் தாய் தந்தையைப் பொறுத்தது. ஆகவே அதை எழுதி வைப்பதில் பணம் இருந்தது. அந்த மரத்தடியில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு உளியோடு நின்ற பெண்ணின் தாய் தந்தையைத் தெரிந்துகொள்வதால் கம்பெனிக்கு ஒரு சென் கூடக் கூடுதலாக வராது. அதனால் அது எழுதப்படவில்லை. எது வருமானத்தோடு சேர்ந்ததோ அது ஏட்டில் ஏறியது, சேராதது வாய்மொழியில் தங்கியது. பேராக் தோட்டங்களின் பதிவுகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த அளவுகோல் பொருந்துகிறது.

ஆள் எடுத்த முறையைப் பார்த்தாலே இது விளங்கும். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்ட பிறகு, 1938-இல் இந்திய அரசு தடை போடும் வரை, தோட்டங்களுக்கு ஆள் வந்த முக்கிய வழி கங்காணி முறைதான். தோட்டத்துக் கங்காணி உரிமச் சீட்டோடு தன் சொந்த ஊருக்கே போய்ச் சொந்தக்காரர்களையும் அக்கம்பக்கத்தாரையும் திரட்டிக்கொண்டு, ஆவடி அல்லது நாகப்பட்டினம் டிப்போ வழியாகப் பினாங்கில் கொண்டுவந்து இறக்கினார். ஊர் எது, சாதி எது, யார் யாருக்கு என்ன உறவு என்ற அறிவெல்லாம் கங்காணியின் தலைக்குள் இருந்தது. தோட்ட அலுவலகத்துக்குத் தேவைப்பட்டது அன்று காலை பெரட்டில் எத்தனை பேர் நின்றார்கள் என்பது மட்டுமே. கங்காணிக்குக் கிடைத்த தலைக்காசும் அந்த எண்ணிக்கையைப் பொறுத்ததே. செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர், எதிரே நாள்தோறும் ஒரு கோடு, மாதக் கடைசியில் அரிசிக்கும் முன்பணத்துக்கும் பிடித்தம் போக ஒரு தொகை. ஒரு தோட்டத்தில் நான்கு முனியம்மாக்கள் இருந்தால் அவர்களைப் பிரித்தறிய ஓர் எண் போதுமானதாக இருந்தது. ஊர்ப் பெயரை முதலெழுத்தாகத் தாங்கி வந்த மனிதர்கள் இங்கே இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று மட்டும் எழுதப்பட்டார்கள். ஒரே தலைமுறையில் ஊர் காகிதத்திலிருந்து உதிர்ந்துவிட்டது. கங்காணி இறந்தபோது வாய்மொழியிலிருந்தும் உதிர்ந்தது. 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்து, லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் திருப்பி அனுப்பப்பட்டபோது, பல குடும்பங்களில் ஊரை நன்கு அறிந்திருந்த மூத்தவர்களே கப்பலேறிப் போனார்கள். இங்கேயே பிறந்த பிள்ளைகள் தங்கினார்கள்.

பத்து காஜா அருகே கின்டா கெல்லாஸ் தோட்டத்தில் வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1915-இல் கட்டத் தொடங்கி முடிக்காமல் விட்ட மாளிகையைச் சுற்றுலாப் பயணிகள் நன்கு அறிவார்கள். அந்தக் கட்டட வேலைக்குத் தமிழகத்திலிருந்து கொத்தனார்கள் வந்தார்கள். முதல் உலகப் போரின் முடிவில் பரவிய விஷக் காய்ச்சல் அவர்களில் பலரைக் கொண்டுபோனது. மிஞ்சியவர்கள் மாரியம்மனுக்கு ஒரு கோயில் வேண்டும் என்று கேட்டார்கள் என்றும், ஸ்மித் அதற்கு உதவினார் என்றும், அந்த நன்றிக்காகவே கோயிலின் கூரைச் சிற்பங்களுக்கு நடுவே தொப்பி அணிந்த வெள்ளைக்காரர் ஒருவரின் உருவத்தை வைத்தார்கள் என்றும் சொல்லப்படுகிறது. உருவம் இன்றும் இருக்கிறது. சாமிகளோடு சாமியாகக் கோட்டும் தொப்பியுமாக நிற்கிறார். ஸ்மித் 1926-இல் லிஸ்பனில் இறந்தார் என்பது வரை நமக்குத் தெரியும். அந்த உருவத்தைச் சுதையில் வடித்த கைகள் யாருடையவை, காய்ச்சலில் போனவர்கள் எத்தனை பேர், அவர்கள் பெயர் என்ன என்று அங்கே எழுதியிருக்கவில்லை. ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். ஸ்மித்தின் நினைவை அந்த இடத்தில் பாதுகாத்தவர்கள் தொழிலாளர்களே. நினைவு வைக்கும் பழக்கமோ கலையோ அவர்களிடம் இல்லாமல் போகவில்லை. கல்லும் சுதையும் நிலமும் யாருடைய கணக்கில் இருந்தனவோ அவருடைய உருவம் அங்கே நின்றது.

அடுத்த வெற்றிடம் எல்லாவற்றிலும் பெரியது. 1941 டிசம்பர் கடைசியில் ஈப்போ ஜப்பானியர் கைக்குப் போனது. 1942-43-இல் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆட்களைப் பிடித்துச் சென்றார்கள். 70,000-க்கு மேற்பட்டோர் கொண்டுபோகப்பட்டார்கள், அவர்களில் பெரும்பாலோர் தமிழர். எத்தனை பேர் திரும்பினார்கள் என்பதில் ஒரு மதிப்பீட்டுக்கும் இன்னொரு மதிப்பீட்டுக்கும் இடையே பல்லாயிரம் வித்தியாசம் வருகிறது. காஞ்சனபுரியின் போர்க் கல்லறையில் நேச நாட்டுக் கைதிகள் ஏறத்தாழ 7,000 பேருக்குத் தனித்தனிக் கல் இருக்கிறது. பெயர், படைப்பிரிவு, இறந்த நாள் எல்லாம் பொறித்திருக்கிறது. அதே பாதையில், அதே காலராவில், அதே மழையில் இறந்த தோட்டத் தொழிலாளிக்குத் தனிக் கல் இல்லை. ராணுவம் தன் வீரனைப் பெயரோடு கணக்கு வைத்திருந்தது. திரும்பி வராதவனைத் தேட வேண்டிய கடமை அதற்கு இருந்தது. தோட்டத்துக் கணக்கில் வேலைக்கு வராதவன் அன்று கோடு விழாதவன், அவ்வளவுதான். போர்க்காலத்தில் துரைமார் ஓடிப்போய்விட்டதால் அந்தக் கோடு போடவும் ஆள் இல்லை. லயம் என்ற தொழிலாளர் குடியிருப்பு வரிசையில் தனித்து நின்ற மனைவிக்குக் கணவன் இறந்தானா இருக்கிறானா என்று சொல்லும் ஒரு துண்டுக் காகிதமும் வரவில்லை. தகப்பனைப் பற்றிப் பேசினால் தாய் அழுவாள் என்று கேட்காமலே வளர்ந்த பிள்ளைகளின் தலைமுறை அப்படித்தான் உருவானது.

1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எல்பில் தோட்டத்தில் வாக்கர், பின் சூன் தோட்டத்தில் அலிசன், அவருடைய உதவியாளர் கிறிஸ்டியன். எந்த வரலாற்று நூலிலும் இந்த மூன்று பெயரும் இருக்கும், இருக்கவும் வேண்டும். அதைத் தொடர்ந்து வந்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. அதன் விளைவாகத் தோட்டத் தொழிலாளிக்கு முதன்முறையாகப் புகைப்படமும் கைரேகையும் கொண்ட அடையாள அட்டை கிடைத்தது. 12 வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் பதிவு செய்தார்கள். இங்காவது தனி மனிதன் எழுத்தில் ஏறினானே என்று நினைக்கத் தோன்றும். ஏறினான், உண்மை. ஆனால் இந்தப் பதிவு, காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்ட் போராளிக்கு அரிசி கொண்டுபோகிறவன் யார் என்று கண்டுபிடிக்கவே செய்யப்பட்டது. அதே நோக்கத்தில்தான் சிதறிக் கிடந்த லயங்களை ஒன்றாக்கி முள்வேலிக்குள் வைத்தார்கள். பழைய லயத்தை விட்டு வந்தபோது அதன் அருகிலிருந்த சிறு கோயிலும் புதைகாடும் வேலிக்கு வெளியே நின்றுவிட்டன. தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949 மே 4-ஆம் தேதி தூக்கிலிடப்பட்ட பிறகு, நேற்று வரை சங்கக் கூட்டத்தில் பேசியவர் அதைத் தன் பிள்ளைகளிடம் சொல்லவும் அஞ்சினார். காகிதம் ஒன்றைத் தந்த அதே ஆண்டுகள் வாய்மொழி ஒன்றைப் பறித்தன.

நிலம் கைவிட்டுப் போனது அதற்கு அடுத்த அடி. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். இந்தத் துண்டாடலை உங்கு அசிஸ் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது தொழிலாளியே தோட்டத்தை வாங்கிவிட வேண்டும் என்பதற்காகத்தான். அது பெருமுயற்சி, பல தோட்டங்களைக் காப்பாற்றவும் செய்தது. எல்லாவற்றையும் காப்பாற்ற அதனால் முடியவில்லை. 1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானபோது சுமார் 60,000 பேர் இந்தியா திரும்பினார்கள். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்பு வந்தது. தோட்டம் கை மாறும்போது புது முதலாளிக்குப் பழைய செக்ரோலால் ஒரு பயனும் இல்லை. புதைகாட்டில் நட்டிருந்த மரச் சிலுவையும் செங்கல் மேடும் இரண்டு மழைக்காலம் தாங்காது. இந்த இடத்தில் கின்டா பள்ளத்தாக்கின் சீனக் கல்லறைகளை நினைத்துப் பார்க்க வேண்டும். ஈயச் சுரங்கத்துக் கூலியும் கொடிய வறுமையில் வந்தவர்தான். ஆனால் அவர் கல்லறைக் கல்லில் சீனாவில் எந்த மாவட்டம், எந்த ஊர் என்று வெட்டும் வழக்கம் இருந்தது. அதை வெட்டிக் கொடுக்க ஊர்ச் சங்கமும், வெட்டிய கல்லை நட நகரத்தில் சொந்த மயானமும் இருந்தன. தமிழருக்குச் சங்கம் நகரத்தில், உடல் தோட்டத்தில் என்று பிரிந்து கிடந்தது. தோட்ட நிலம் தோட்ட முதலாளியுடையது.

இதற்கு ஒரு பலமான மறுப்பு உண்டு. மறந்தது அவர்கள் விருப்பம், கடனுக்கும் சாதிக்கும் தப்பி வந்தவர்கள் ஊரை ஏன் நினைவு வைக்க வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். என் பிள்ளைக்கு அந்த இழிவு தெரியவே வேண்டாம் என்று வாயைக் கட்டிக்கொண்ட தகப்பன்மார் இருந்தார்கள் என்பதை மறுக்க முடியாது. அந்த மௌனத்துக்கு மரியாதை தர வேண்டும். ஆனால் இந்த விளக்கம் பாதி தூரம்தான் வருகிறது. சாதியை மறக்க விரும்பியவர் ஊரை மறைத்திருக்கலாம். கப்பலேறிய ஆண்டை ஏன் மறைக்க வேண்டும்? தன் தாயின் புதைகுழியை யார் விரும்பி மறப்பார்? தவிர, விருப்ப மறதி என்றால் ஊரின் தெய்வமும் சேர்ந்தல்லவா போயிருக்கும்? மதுரைவீரனும் முனீஸ்வரரும் காத்தவராயனும் பச்சையம்மனும் திரௌபதையும் தோட்டத்துக்குத் தோட்டம் வந்து உட்கார்ந்தார்கள். செஞ்சி வட்டாரத்தில் வேரூன்றிய திரௌபதை வழிபாடு ஒரு தோட்டத்தில் இருந்தால், அந்த லயத்தார் எந்தப் பக்கத்து ஆட்கள் என்று ஊகிக்க ஒரு முனை கிடைக்கிறது. அண்டை லயத்துச் சாமியைப் பிறர் ஏற்றுக்கொண்டதும் உண்டு என்பதால் அதை முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. ஆனாலும் கையோடு கொண்டுவர முடிந்ததை, கொண்டாட இடம் கிடைத்ததை, அவர்கள் விடாமல் வைத்திருந்தார்கள் என்பது தெளிவு.

ஆவணக் காப்பகங்களில் எல்லாம் இருக்கிறதே என்பது இரண்டாவது மறுப்பு. தொழிலாளர் இலாகாவின் ஆண்டறிக்கைகளும் கோலாலம்பூரில் இருந்த இந்திய அரசு ஏஜெண்டின் அறிக்கைகளும் உண்மையிலேயே பொக்கிஷங்கள். ஆணுக்கு நாளொன்றுக்கு 50 சென், பெண்ணுக்கு 40 சென் என்ற கூலி ரப்பர் விலைச் சரிவில் எப்படிக் குறைந்தது என்று அவற்றில் படிக்கலாம். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் காய்ச்சலில் இறந்தார்கள் என்றும் தெரிந்துகொள்ளலாம். ஒரு சமூகத்தின் வரலாறு எழுத அது போதும். ஒரு பெண் தன் பாட்டியைத் தேட அதில் வழி இல்லை. நாவல்கள் அந்தக் குறையைத் தீர்த்துவிட்டன என்பாரும் உண்டு. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகியவை வரலாற்றாசிரியர்கள் தொடாமல் விட்ட துயரத்தைத் தமிழில் நிலைநிறுத்தின. அந்த நூல்களுக்கு நாம் பட்ட கடன் பெரிது. ஆயினும் அவை தந்தது எல்லோருக்கும் பொதுவான ஒரு தகப்பன். என் தகப்பன் எவன் என்ற கேள்வி அங்கே முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது.

அது வெறும் ஏக்கம் சார்ந்த கேள்வி என்று ஒதுக்க முடியாதபடி சட்டம் அதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் முன் கொண்டுவந்து வைக்கிறது. மலேசியாவில் அந்த வயதில்தான் அடையாள அட்டை எடுக்க வேண்டும். 1982 மார்ச் 1 முதல் திருமணத்தைப் பதிவது கட்டாயம். தோட்டக் கோயிலில் தாலி கட்டிப் பதியாமல் வாழ்ந்த இணையருக்குப் பிறந்த குழந்தை, சட்டத்தின் கண்ணில் தகப்பன் வழிக் குடியுரிமை பெறாது, தாயைத்தான் பார்ப்பார்கள். தாயிடம் காகிதம் ஒன்றுமே இல்லையானால், பிள்ளை எந்த நாட்டுக்கும் சொந்தமற்றதாகிவிடக்கூடும். தாய்க்கு ஏன் காகிதம் இல்லை என்று தேடிப் போனால் அவளுடைய தாய் எந்தத் தோட்டத்தில் பிறந்தாள், யார் பதிந்தார்கள் என்று கேள்வி பின்னோக்கி ஓடி, விற்றுத் துண்டாடப்பட்ட ஏதோ ஒரு தோட்டத்தின் வாசலில் நிற்கிறது. 2011-இல் அரசே 'மைடஃப்தார்' என்ற பெயரில் இந்தியர்களின் ஆவணச் சிக்கலைத் தீர்க்க நாடு தழுவிய பதிவு இயக்கம் நடத்த வேண்டியிருந்தது என்பதே இது எவ்வளவு பரவலான சிக்கல் என்பதைக் காட்டும். மர்ம நாவலில் நாயகன் தேடும் விடை அவன் மனநிம்மதிக்கு. இங்கே பள்ளி, மருத்துவமனை, வேலை எல்லாம் அந்த விடையில் தொங்குகின்றன.

அப்படியானால் எங்கே தேடுவது? எந்தப் பதிவு எதற்காக எழுதப்பட்டது என்ற அதே அளவுகோலைத் திருப்பிப் பிடித்தால், பெயரை எண்ணிக்கைக்காக அல்லாமல் பெயருக்காகவே எழுதிய ஏடு ஒன்று தோட்டத்துக்குள்ளேயே இருந்தது தெரிகிறது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்பது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் விதி. பெரும்பாலும் ஒற்றை ஆசிரியர், ஒரே கொட்டகை. கற்பித்தது மிகக் குறைவு என்ற பழி அவற்றின்மேல் உண்டு, அது நியாயமான பழியும் கூட. ஆனால் ஒரு பிள்ளையைச் சேர்க்கும்போது ஆசிரியர் சேர்க்கைப் பதிவேட்டில் அதன் பெயரையும் தகப்பன் பெயரையும் பிறந்த நாளையும் சேர்ந்த நாளையும் எழுதியாக வேண்டும். தோட்டங்கள் மறைந்தபோது இந்தப் பள்ளிகள் பல மறையவில்லை. எல்பில், டோவன்பி, ஹேவூட், சங்காட் கிண்டிங் என்று தோட்டப் பெயர்களைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் பேராக்கில் இன்றும் பாடம் நடத்துகின்றன. மாநிலத்தில் 130-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பள்ளி இடம் மாறும்போது அலமாரியோடு போன ஏடுகளும், கறையானுக்கும் வெள்ளத்துக்கும் பலியான ஏடுகளும் எவை என்று பள்ளிவாரியாகக் கணக்கெடுக்கும் வேலை முதலில் நடக்க வேண்டும். மிஞ்சியவற்றைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, கோயில் நன்கொடைப் பட்டியல்களோடும் அடையாள அட்டை விவரங்களோடும் ஒப்பிட வேண்டும். உயிரோடிருக்கும் மூத்தவர்களிடம் அந்தப் பெயர்களை வாசித்துக் காட்ட வேண்டும். பட்டியலில் நான்கு முனியம்மாக்கள் இருந்தால், எந்த முனியம்மா எந்த லயம் என்று பிரித்துச் சொல்லக்கூடியவர்கள் எண்பது வயதைக் கடந்தவர்கள். அவர்களிடம் கேட்க எஞ்சியிருக்கும் ஆண்டுகள் மிகச் சில.